வானிலிருந்து விழுந்ததை நாமே அளந்து பார்க்கலாம்: பியர் ஓஜே ஆய்வகத்தின் திறந்த தரவுத் தளம்

அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில், மலார்குவே என்னும் சிறுநகரை ஒட்டிய வறண்ட சமவெளியில், 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1,600க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகளை நிறுத்தி, விண்ணிலிருந்து வரும் மிகப் பேராற்றல் காஸ்மிக் கதிர்களை 2004ஆம் ஆண்டு முதல் பதிவு செய்துவருகிறது பியர் ஓஜே ஆய்வகம். அந்தப் பதிவுகளில் பத்தில் ஒரு பங்கை, எவரும் இறக்கிக்கொண்டு ஆராயும் வகையில், 2021 பிப்ரவரியில் அது இணையத்தில் திறந்துவைத்தது. நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். முதுகலை மாணவர்களோடு இரண்டு பருவங்களாக இந்தத் தளத்தைப் பயன்படுத்திவருகிறேன். காஸ்மிக் கதிர்களைப் பற்றிப் படிப்பதற்குத் தமிழில் ஓரளவு கட்டுரைகள் கிடைக்கின்றன. ஆனால், ஒரு கதிர் விட்டுச்சென்ற தடத்தை நம் கையாலேயே அளந்து பார்க்க வாய்ப்புத் தரும் இடம் அரிது. ஆகவே இதை விரிவாகவே மதிப்பிட விரும்புகிறேன்.

தளத்தின் அருமை புரிய, அளக்கப்படுவது எது என்று முதலில் தெரிய வேண்டும். விண்வெளியிலிருந்து வரும் ஓர் அணுக்கரு வளிமண்டலத்தின் மேலடுக்கில் காற்றின் அணுக்கரு ஒன்றில் மோதுகிறது. அந்த மோதலில் பிறக்கும் துகள்கள் மேலும் மோதிப் பெருகி, ஒரு பெரும் பொழிவாகத் தரையை நோக்கி இறங்குகின்றன. 10²⁰ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு மேற்பட்ட கதிர், ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு நூற்றாண்டில் ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. செயற்கைக்கோளில் ஒரு சதுர மீட்டர் கருவியை ஏற்றி அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், மனித நாகரிகம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை காத்திருந்தாலும் ஒன்றுகூடச் சிக்கியிருக்காது. எனவே, வளிமண்டலத்தையே கருவியின் ஒரு பாகமாகக் கொண்டு, பொழிவு பரந்து விழும் தரையில் ஆங்காங்கே காவல் நிற்பதுதான் வழி. இத்தகைய பொழிவுகள் உண்டென்பதை, ஒன்றுக்கொன்று தொலைவில் வைத்த கருவிகள் ஒரே நேரத்தில் துடிப்பதைக் கொண்டு 1930களின் இறுதியில் நிறுவிய பிரெஞ்சு இயற்பியலாளரின் பெயரைத்தான் ஆய்வகம் தாங்கியுள்ளது. அந்த வழியை 3,000 சதுர கிலோமீட்டருக்கு விரிக்க வேண்டும் என்று 1990களின் தொடக்கத்தில் திட்டமிட்டவர்கள் ஜிம் குரோனினும் ஆலன் வாட்சனும்.

நம் ஊட்டியில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு உதவும். அங்கே, துகள் ஊடுருவினால் மினுங்கும் பொருளாலான ஒரு சதுர மீட்டர் மினுக்கிக் கருவிகள் எட்டு மீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நிற்கின்றன. அவை நோக்குவது ஆற்றல் குறைந்த, எண்ணிக்கையில் மிகுந்த கதிர்களை. மலார்குவேயில் அடுத்தடுத்த தொட்டிகளுக்கு இடையே 1,500 மீட்டர். ஆற்றல் கூடக்கூடப் பொழிவு அகலமாகிறது, வரவு அரிதாகிறது. இரண்டும் சேர்ந்துதான் இந்த இடைவெளியை நிர்ணயிக்கின்றன.

ஒவ்வொரு தொட்டியும் 3.6 மீட்டர் விட்டம் கொண்டது. அதற்குள் 1.2 மீட்டர் உயரத்திற்கு, 12,000 லிட்டர் தூய்மைப்படுத்திய தண்ணீர் முழு இருட்டில் நிற்கிறது. பொழிவின் துகள் ஒன்று, தண்ணீருக்குள் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைவாக அதை ஊடுருவும்போது, செரன்கோவ் ஒளி எனப்படும் மெல்லிய நீல ஒளி எழுகிறது. உட்புற வெள்ளை உறை அதைச் சிதறடிக்க, மேலிருந்து தண்ணீரை நோக்கும் மூன்று ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அதை மின்துடிப்பாக மாற்றுகின்றன. மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்தும், நேரம் ஜிபிஎஸ் வழியாகவும், செய்தி வானொலி அலையாலும் வந்துபோகின்றன. எந்தக் கம்பியும் கிடையாது. மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஆளில்லாமல் தன்னந்தனியாக நிற்கும் இந்தத் தொட்டி ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது என்பதே எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இனித் தளத்துக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது நிகழ்வுகளைக் காட்டும் பகுதி. ஒரு நிகழ்வைத் தேர்ந்தெடுத்தால் தொட்டிகளின் முக்கோணப் பின்னல் வரைபடமாக விரிகிறது. துடித்த தொட்டிகள் வண்ணப் புள்ளிகளாகத் தெரிகின்றன. வண்ணம் எது முந்தித் துடித்தது, எது பிந்தியது என்பதையும், புள்ளியின் அளவு துடிப்பின் வலுவையும் சொல்கின்றன. பொழிவின் முகப்பு எந்தப் பக்கமிருந்து சரிந்து வந்தது என்பதை ஒரு கணக்கும் போடாமலே கண்ணால் உணர முடிகிறது. எத்தனை பெரிய நிகழ்வு என்பதும் அப்படியே: ஐந்து தொட்டிகள் மட்டும் துடித்த நிகழ்வையும், பின்னலின் பெரும் துண்டொன்றே நிறம் மாறிய நிகழ்வையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஆற்றல் என்ற சொல் தரையில் என்ன பொருள் கொள்கிறது என்பது விளங்கிவிடும்.

இந்தத் தளத்தின் உயிர் என்று நான் கருதுவது அதற்கு அடுத்த படி. ஒவ்வொரு தொட்டியும் பதிந்த துடிப்பு வரைகோட்டை, 25 நானோ நொடிக்கு ஒரு புள்ளி என்ற நுணுக்கத்தோடு, அப்படியே பார்க்கலாம். பொழிவின் மையத்திற்கு அருகில் இருந்த தொட்டியின் வரைகோடு செங்குத்தாக எழுந்து விரைவில் சரிகிறது. துகள்கள் கூட்டமாக, ஏறத்தாழ ஒரே கணத்தில் வந்துவிட்டன என்று பொருள். பேராற்றல் நிகழ்வுகளில் மையத்தை ஒட்டிய தொட்டி சில வேளைகளில் தன் அளவெல்லையை முட்டி, உச்சி தட்டையாகிவிடுவதும் உண்டு. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தொட்டியை எடுத்தால் காட்சி முற்றிலும் மாறுகிறது: துடிப்பு இரண்டு மூன்று மைக்ரோ நொடிகளுக்கு நீண்டு சிதறிக் கிடக்கிறது, அதில் ஆங்காங்கே கூர்மையான முட்கள் நிற்கின்றன. அந்த முட்களில் பல தனித்தனி மியூவான்கள், அதாவது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்கள். மியூவான் வழியில் அதிகம் சிதறாமல் நேர்கோட்டில் வருவதால் முந்தி வந்து முள்ளாகப் பதிகிறது. எலக்ட்ரான்களும் ஃபோட்டான்களும் பலமுறை சிதறி வருவதால் தாமதித்துப் பரவலாகப் பதிகின்றன. பாடநூலில் நான் பல ஆண்டுகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்த செய்தி இது. ஒரு மாணவி திரையில் ஒரு முள்ளைச் சுட்டி, "ஐயா, இது ஒரே ஒரு மியூவானா?" என்று கேட்ட அன்றுதான் அது என் வகுப்பில் உண்மையிலேயே கற்பிக்கப்பட்டது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லவும் தரவிலேயே வழி இருக்கிறது. துடிப்பின் வலு, ஒரு மியூவான் தொட்டியைச் செங்குத்தாகக் கடந்தால் எவ்வளவு ஒளி எழுமோ அதையே ஓர் அலகாகக் கொண்டு குறிக்கப்படுகிறது. இதைத் தமிழில் செங்குத்து மியூவான் அலகு என்று எங்கள் வகுப்பில் வழங்குகிறோம். ஒவ்வொரு தொட்டியையும் நொடிக்கு ஏறத்தாழ 2,500 மியூவான்கள் சாதாரணமாகவே கடந்து செல்கின்றன. தொட்டி அவற்றைக் கொண்டே தன்னைத் தானே இடைவிடாமல் அளவுசெய்துகொள்கிறது. ஆள் அனுப்பி 1,600 கருவிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தேவையில்லாத இந்த ஏற்பாடு, இவ்வளவு பெரிய ஆய்வகம் சாத்தியமானதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று.

திசையைக் கண்டுபிடிக்கும் பயிற்சியை மாணவர்களுக்குத் தாளில் பென்சிலால் செய்யக் கொடுத்தேன். கணினி நிரலுக்குப் போவதற்கு முன் இதைச் செய்வது நல்லது என்பது என் அனுபவம். பொழிவு சரிந்து வந்த திசையில் அடுத்தடுத்து நிற்கும் இரு தொட்டிகளுக்கிடையே நேர வேறுபாடு 3.2 மைக்ரோ நொடி என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒளி 960 மீட்டர் செல்லும். தொட்டிகளின் இடைவெளி 1,500 மீட்டர். இரண்டின் விகிதம் 0.64, அதற்குரிய கோணம் ஏறத்தாழ 40 பாகை. தலைக்கு நேர் மேலிருந்து 40 பாகை சாய்ந்து வந்த கதிர் அது. ஒரே கோட்டில் அமையாத மூன்று தொட்டிகள் இருந்தால் முழுத் திசையும் கிடைத்துவிடும். மாணவர்களின் விடைகள் தளம் தரும் மதிப்பிலிருந்து ஒன்றிரண்டு பாகை விலகியிருந்தன. ஏன் விலகின என்று தேடியபோது, பொழிவின் முகப்பைத் தட்டையான தளமாக நாங்கள் கொண்டதும், உண்மையில் அது நடுப்பகுதி முந்தி வரும் தட்டுப்போலச் சற்றே வளைந்திருப்பதும் தெரியவந்தது. பிழைக்குக் காரணம் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குத் தரவு நேர்மையாகவும் முழுமையாகவும் தரப்பட்டிருக்கிறது என்பதே இதில் நான் பாராட்டுவது.

ஆற்றலைக் கணிப்பது இவ்வளவு எளிதன்று. மையத்திலிருந்து விலக விலகத் துடிப்பு எப்படிக் குறைகிறது என்ற வளைகோட்டைத் தளம் ஒவ்வொரு நிகழ்வுக்கும் வரைந்து காட்டுகிறது. அந்த வளைகோட்டில் மையத்திலிருந்து 1,000 மீட்டர் தொலைவுக்குரிய மதிப்பை எடுத்து, சாய்வுக்கேற்பத் திருத்தி, அதிலிருந்து ஆற்றலைக் கணிக்கிறார்கள். 1,500 மீட்டர் பின்னலில், வளைகோட்டின் சரிவைப் பற்றிய ஐயம் விடையை மிகக் குறைவாகப் பாதிக்கும் தொலைவு அதுதான். திருத்திய மதிப்பு 50 செங்குத்து மியூவான் அலகு என்றால் ஆற்றல் ஏறக்குறைய 10 எக்ஸா எலக்ட்ரான் வோல்ட். எக்ஸா என்பது 10¹⁸; இனி இந்த அலகைச் சுருக்கமாக எக்ஸா என்றே சொல்கிறேன்.

ஆனால் 50 அலகுக்கு ஈடு 10 எக்ஸா என்று யார் சொன்னது? இந்தக் கேள்வியை எழுப்பாத மாணவருக்கு நானே எழுப்பிக் காட்டுவேன், ஏனென்றால் ஆய்வகத்தின் வடிவமைப்பே இதற்கான விடைதான். சமவெளியின் விளிம்பில் நான்கு இடங்களில், லோஸ் லியோனஸ், லோஸ் மொராடோஸ், லோமா அமரியா, கோயுவேகோ ஆகிய மேடுகளில், தொலைநோக்கிகள் உள்நோக்கி நிற்கின்றன. பொழிவு இறங்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் மங்கலான புற ஊதா ஒளியை வீசுகிறது. ஒவ்வொரு தொலைநோக்கியின் 440 கண்களும் அதைப் படம்பிடிக்கின்றன. எழுந்த ஒளியின் அளவு காற்றில் இறங்கிய ஆற்றலின் அளவைச் சார்ந்தது என்பதால், இது கிட்டத்தட்ட நேரடி அளவீடு. நிலவற்ற, தெளிந்த இரவுகளில் மட்டுமே அவை இயங்க முடியும். மொத்த நேரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் தேறுகிறது. தொட்டிகளோ இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. இரண்டும் ஒருசேரக் கண்ட நிகழ்வுகளைக் கொண்டு தொட்டிகளின் அளவுகோலைத் தொலைநோக்கிகள் நிறுவுகின்றன. இப்படி நிறுவியும் ஆற்றலின் அளவுகோலில் 14 விழுக்காடு ஐயம் எஞ்சுகிறது என்பதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். இரட்டைப் பதிவு நிகழ்வுகளும் தளத்தில் உள்ளன. அவற்றில் பொழிவு வளர்ந்து உச்சத்தைத் தொட்டுத் தேய்வதை ஒரே வளைகோடாகப் பார்க்கலாம். எந்த ஆழத்தில் உச்சம் வருகிறது என்பதிலிருந்துதான், வந்தது புரோட்டானா, அதைவிடக் கனமான அணுக்கருவா என்ற துப்பு கிடைக்கிறது. ஒரே ஆற்றலில் கனமான கரு சற்று மேலேயே உச்சத்தை எட்டிவிடும்.

தரவைத் தாமே கையாள விரும்புவோருக்கு இரண்டு வடிவங்களில் கோப்புகள் கிடைக்கின்றன. நிகழ்வுக்கு ஒரு வரி என்ற சுருக்கப் பட்டியலை எந்தக் கணினியிலும் திறக்கலாம். துடிப்பு வரைகோடுகள் அடங்கிய விரிவான ஜேசன் கோப்புகள் பெரியவை. எங்கள் ஆய்வகத்தின் பழைய கணினிகளில் அவற்றை மொத்தமாக ஏற்ற முயன்று நேரத்தை வீணாக்கினோம், பிறகு வேண்டிய நிகழ்வுகளை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டோம். பைத்தானில் எழுதப்பட்ட மாதிரி நோட்புக்குகளும் தரப்பட்டுள்ளன. ஆற்றல் நிறமாலையை வரையும் நோட்புக்கை ஓட்டினால், ஆற்றல் கூடக் கூடக் கதிர்களின் வரவு சரிவதும், 5 எக்ஸா அருகே அந்தச் சரிவு சற்றுத் தளர்வதும், இன்னும் மேலே போனால் வரவு சட்டென்று வீழ்வதும் நம் திரையிலேயே தோன்றுகின்றன. அந்த வீழ்ச்சிக்கு, அண்டமெங்கும் நிறைந்த நுண்ணலைக் கதிர்வீச்சோடு மோதிக் கதிர்கள் ஆற்றல் இழப்பது காரணமாகலாம். பிறப்பிடங்களாலேயே அதற்குமேல் முடுக்க இயலாமற்போவதும் காரணமாகலாம். பைத்தான் அடிப்படை தெரியாதவருக்கு நோட்புக்குகள் தடுமாற்றம் தரும். விளக்கங்கள் இயற்பியலை நன்றாகவும், நிரலைச் சுருக்கமாகவும் சொல்கின்றன. என் மாணவர்களில் நிரல் பழகாத பாதிப்பேர் முதல் இரு வாரங்கள் திணறினார்கள்.

பத்து விழுக்காடு என்ற எல்லையைப் பற்றி நேராகப் பேச வேண்டும். கருவிகளை மேம்படுத்துவதற்கு முந்தைய முதற்கட்டத்தில் 2.5 எக்ஸாவுக்கு மேல் ஆய்வகம் தன் நிறமாலைக்காக எடுத்துக்கொண்ட நிகழ்வுகள் 2,15,030. திறந்துவிடப்பட்டவை இருபதாயிரத்துச் சொச்சம். நிறமாலையின் வடிவத்தைக் காண இது தாராளம். ஆனால் இந்த ஆய்வகத்தின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்று நான் மதிப்பது, 2017 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட இருமுனைச் சாய்வு. 8 எக்ஸாவுக்கு மேற்பட்ட கதிர்கள் வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வரவில்லை, ஒரு பக்கம் 6.5 விழுக்காடு தூக்கலாக இருக்கிறது, அந்தத் திசை நம் பால்வெளியின் மையத்திலிருந்து வெகுவாக விலகியிருக்கிறது, ஆகவே இவை நம் விண்மீன் மண்டலத்துக்கு வெளியேயிருந்து வருகின்றன என்பது அதன் சாரம். அதற்கு அவர்களுக்கு 30,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகள் தேவைப்பட்டன. அவற்றில் பத்தில் ஒன்று என்றால் ஏறத்தாழ 3,200. இத்தகைய சாய்வை அளப்பதில் தற்செயல் பிழை, இரண்டை எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது. 3,200க்கு அது 2.5 விழுக்காடு. வலயேற்றத்தில், அதாவது வானில் கிழக்கு மேற்காக அளக்கும் கோணத்தில் மட்டும், அவர்கள் கண்ட அலைவு 4.7 விழுக்காடு. அதாவது பிழையைப்போல இரண்டு மடங்குகூட இல்லை. திறந்த தரவைக் கொண்டு இந்தக் கண்டுபிடிப்பை எவரும் உறுதிசெய்ய முடியாது. கண்டுபிடித்த முறையைக் கற்றுக்கொள்ளலாம், அவ்வளவே. உழைத்துக் கருவி கட்டியவர்களுக்கு முதலில் ஆராயும் உரிமை உண்டு என்பதை நான் முழுமனதாக ஏற்கிறேன். ஆயினும், ஏற்கெனவே வெளியிட்டு முடித்த ஒரு முடிவுக்கு, அதன் திசைப் பட்டியலையாவது முழுமையாகத் தந்திருந்தால், கல்லூரி அளவில் அது எவ்வளவு பெரிய கொடையாக இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு இருக்கிறது.

இந்த ஏக்கத்தைப் பெரிதும் ஆற்றுவது உச்ச ஆற்றல் நிகழ்வுகளின் பட்டியல். முதற்கட்டத்தில் பதிந்தவற்றுள் ஆற்றலில் மிக உயர்ந்த நூறு நிகழ்வுகளை, பத்தில் ஒன்று என்று குறைக்காமல், முழுமையாகத் தந்திருக்கிறார்கள். 78 எக்ஸாவில் தொடங்கும் அந்தப் பட்டியலின் தலையில் இருப்பது பிஏஓ 191110. 2019 நவம்பர் 10 அன்று பதிவானதாகையால் அந்தப் பெயர். அதன் ஆற்றல் 166 எக்ஸா எலக்ட்ரான் வோல்ட், 13 கூட்டியோ குறைத்தோ. மேசைமேல் வைத்துச் சொல்வதானால், ஒரு கிலோ அரிசிப் பையை ஒன்பதடி உயரம் தூக்கத் தேவையான ஆற்றல், ஒரே ஓர் அணுக்கருவில் அடங்கி வந்தது. ஜெனீவாவின் துகள் முடுக்கியில் மனிதர் முடுக்கும் புரோட்டானைப்போல இரண்டு கோடி மடங்குக்கும் மேல். உச்சத்தில் பத்தாயிரம் கோடித் துகள்கள் என்ற அளவுக்குப் பெருகியிருக்கக்கூடிய அந்தப் பொழிவு, நன்கு சாய்ந்து வந்ததால் அதன் தடம் வரைபடத்தில் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கிறது. ஒவ்வொரு தொட்டியாகத் திறந்து அதன் வரைகோடுகளைப் பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம், நான் ஒதுக்கினேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இயங்கும் டெலஸ்கோப் அர்ரே 2021 மே 27 அன்று பதிந்த, அமதெராசு என்று பெயரிடப்பட்ட 244 எக்ஸா கதிர் இதைவிடப் பெரியது. அங்கே கருவிகள் தண்ணீர்த் தொட்டிகளாக இல்லாமல், 1.2 கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் மினுக்கித் தகடுகளாக இருக்கின்றன. இரு ஆய்வகங்களும் ஆற்றலை அளக்கும் முறையில் உள்ள வேறுபாட்டை மாணவர்களிடம் எடுத்துச் சொல்லாமல் எண்களை மட்டும் ஒப்பிடுவது முறையாகாது.

பலர் கவனிக்காமல் கடந்துவிடும் பகுதி ஒன்றும் உண்டு. தொட்டிகளில் சாதாரணமாகப் பதியும் சிறு துடிப்புகளின் எண்ணிக்கை, 15 நிமிடங்களுக்கு ஒரு மதிப்பாக, ஆண்டுக்கணக்கில் தொகுக்கப்பட்டுத் தரப்பட்டுள்ளது. சூரியனிலிருந்து பெரும் வீச்சு ஒன்று பூமியைக் கடக்கும்போது, தாழ்ந்த ஆற்றல் கதிர்களின் வரவு சில நாட்களுக்குத் தணிந்து மீளும். அந்தத் தணிவை இந்தப் பட்டியலில் விரிதாள் ஒன்றைக் கொண்டே தேடலாம், பைத்தான் வேண்டாம். நிரல் தெரியாத மாணவர்களுக்கு நான் இப்போது முதலில் கொடுப்பது இதைத்தான். தொலைநோக்கி நிலையங்களின் வெப்பநிலை, காற்றழுத்தப் பதிவுகளும் கூடவே உள்ளன. அழுத்தம் ஏறும்போது எண்ணிக்கை ஏன் இறங்குகிறது என்ற கேள்வியோடு தொடங்கினால் ஒரு முழு ஆய்வக வகுப்பு நிரம்பிவிடும்.

பயன்படுத்த எண்ணும் ஆசிரியர்களுக்கு: கோப்புகளை இறக்குவதற்கு முன், நிகழ்வுக் காட்சிப் பகுதியில் ஐந்தாறு நிகழ்வுகளை மாணவர்களோடு சேர்ந்து பாருங்கள். அடுத்து, நான் மேலே சொன்ன பென்சில் கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். கட்டணம் எதுவும் கிடையாது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தரவை யாரும் பயன்படுத்தலாம். ஆய்வகம் இப்போது ஒவ்வொரு தொட்டியின் தலைமேலும் 3.8 சதுர மீட்டர் மினுக்கித் தகடும் வானொலி உணர்வியும் பொருத்தி, 25 நானோ நொடி நுணுக்கத்தை மும்மடங்கு கூர்மையாக்கியிருக்கிறது. மினுக்கித் தகடும் தண்ணீரும் மியூவானுக்கும் எலக்ட்ரானுக்கும் வெவ்வேறு விதமாக விடையளிப்பவை. ஒரே தொட்டியின் அந்த இரண்டு வரைகோடுகளும் அருகருகே இந்தத் தளத்தில் ஏறும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். முள்ளைச் சுட்டிக் கேட்ட மாணவிக்கு அன்று இன்னும் உறுதியான விடையைக் கொடுக்க முடியும்.